கசிவு பாத்த மத்தியானம்

டிஷ்யூ காஞ்சிதான் இருந்துச்சு. காஞ்சிருக்குன்னு பேச்சிராஜுக்குத் தெரியும், இப்பத்தான தொட்டுப் பாத்தான், ஆனா தொட்ட வெரலு வேத்திருந்துச்சு, அதனால காஞ்ச டிஷ்யூ வெரல் பட்டு ஈரமாயிருக்குமோ, இல்ல ஈரமா இருந்தது வெரல் சூட்டுல காஞ்சிருக்குமோன்னு ஒரு கேள்வி கெளம்பி, சட்டையில வெரலத் தொடச்சிட்டு மறுபடி தொட்டான். காஞ்சிதான். சரி, அடுத்த மூட்டு. அதுவும் காஞ்சிதான். பம்பு ஒரே சீரா உறுமிக்கிட்டு இருந்துச்சு, பூன வயித்துல காத வச்சாப்புல ஒரு சத்தம், அந்தச் சத்தத்துக்குத் தக்கன அக்ரிலிக் கொழாய்க்குள்ள செவப்புத் தண்ணி சுத்திச் சுத்தி வந்துச்சு. கம்ப்யூட்டருக்குள்ள தண்ணி. தெருவுல சொன்னா சிரிப்பாவ. லாரித் தண்ணியே ஒழுங்கா வராத தெருவுல கம்ப்யூட்டருக்கு மட்டும் பைப்பு கனெக்‌ஷன் குடுத்துட்டான் பேச்சின்னு எதுத்த வீட்டு ஞானப்பழம் ஏற்கெனவே சொல்லிட்டான். நல்ல ஜோக்குதான், தனக்குத் தோணாம அவனுக்குப் போயித் தோணிருச்சேன்னு பேச்சிக்கு இன்னும் வயித்தெரிச்சல் அடங்கல. விசயம் லேசு. கம்ப்யூட்டரு ரொம்ப வேல பாத்தா சூடாவும், சூடு மிஞ்சினா தானா அணஞ்சிரும். காத்தாடி வச்சு ஆத்துறது ஒரு வழி, தண்ணிய ஓடவிட்டு சூட்ட அள்ளிட்டுப் போறது இன்னொரு வழி. தண்ணியும் கரண்டும் அடுத்தடுத்த வீடு, நடுவுல ஒரு ரப்பர் வளையந்தான் சுவரு. அதனால மொதல்ல பம்ப மட்டும் தனி அடாப்டர்ல ஓட்டி, மத்த எதுக்கும் கரண்டு குடுக்காம, மூட்டு மூட்டுக்கு டிஷ்யூவச் சுத்தி, எங்கயாச்சும் நனையுதான்னு பாத்துக்கிட்டே கெடக்கணும். ஒரு பொட்டு நனைஞ்சாலும் பிரிச்சு மறுபடி மாட்டணும். நனையாட்டி கரண்டு குடுக்கலாம். இவ்வளவுதான் வேல, நனையாம இருக்குறதப் பாத்துக்கிட்டு இருக்கது. காலேஜுல பரிச்ச ஹால்ல இவ்வளவு நேரம் ஒரே எடத்துல ஒக்காந்திருந்தா இந்நேரம் இஞ்சினியரு. ஒக்காரலயே. இப்ப ஒக்காந்திருக்கான், ஏன்னா இந்தப் பொட்டி அவனுது இல்ல.

பொட்டி மாரிக்கனி அக்காவுது. கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனிக்கு அவ இங்க தூத்துக்குடியில ஒக்காந்து, இன்னும் கட்டாத வீடுகளக் கட்டி முடிச்சாப்புல படமாச் செஞ்சு குடுப்பா, சோபா, திரைச்சீல, மாடிப்படி, ஜன்னல் வழியா சாஞ்சு விழுற சாயங்கால வெயிலு, எல்லாம் தொட்டுப் பாக்கலாம்போல இருக்கும். அந்த வெயில அவ செய்யிறது ஆஸ்பெட்டாஸ் கூரைக்குக் கீழ, நெசமான வெயிலு மண்டையப் பொளக்குற எடத்துல. மத்தியானமானா கூர தோசக்கல்லு, பொட்டி செத்துச் செத்துப் பொழைக்கும். ரெண்டு தடவ பாதி வேலையில அணஞ்சு, குடுக்க வேண்டியத நேரத்துக்குக் குடுக்க முடியாமப் போச்சு. இதோ இப்ப மூணாவது. படமெல்லாம் செஞ்சு முடிச்சிட்டா. அத வீடியோவா ஓட்டி எடுக்க ராத்திரி பூரா பொட்டி நிக்காம ஓடணும், விடிஞ்சதும் கம்பெனிக்காரங்க அத வீடு வாங்குறவங்களுக்குக் காட்டணும். பொழுதடைய ஓட ஆரம்பிச்சாத்தான் விடியும்போது வேல முடியும். இதுவும் பிந்துச்சுன்னா வேற ஆளப் பாத்துக்கிடுதோம்மான்னு மேனேஜரு தன்மையாச் சொல்லிட்டாரு, தன்மையாச் சொன்னதுதான் பயம். மழக்காலம் வேற வந்தாச்சு, அப்பாவுக்கு உப்பளத்துல வேல நின்னுபோச்சு, தை பொறக்க வரைக்கும் இந்த வீட்டுல ஒலை கொதிக்குதுன்னா அது இந்தப் பொட்டி கொதிக்குறதுனாலதான். அந்தப் பொட்டியத்தான் பேச்சி, நான் தண்ணி வச்சுத் தாரேன்க்கா, அப்புறம் பாரு, பொங்கலுக்குக்கூட அணையாதுன்னு வாங்கினான். அக்கா ஒரு நிமிசம் அவன் மூஞ்சியப் பாத்தா. ஒரே ஒரு நிமிசந்தான். ஒயரெல்லாம் அவளே கழட்டி, கொழந்தையத் தூக்கிக் குடுக்காப்புல குடுத்தா. வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். வேற யாராருந்தாலும் சொல்லியிருப்பாவ. ஏன் சொல்லலன்னு நெனைக்கும்போதெல்லாம் பேச்சிக்கு கையி தானா டிஷ்யூவுக்குப் போவும், இப்பவும் போச்சு, மறுபடி தொட்டான். காஞ்சிதான்.

சும்மா தண்ணி மட்டும் வச்சுக் குடுத்திருந்தா போன வாரமே முடிஞ்சிருக்கும். ஒரு கருப்புப் பொட்டி, ரெண்டு கொழா, ஜோலி முடிஞ்சுது. பேச்சிக்கு சும்மா எதுவும் வராது. செல்லுல பாத்திருக்கான், வெளிநாட்டுப் பயலுவ கம்ப்யூட்டர விண்வெளிக் கப்பலா, கோட்டையா, தீ கக்குற ட்ராகனாச் செஞ்சு வச்சிருக்கத. நம்ம வீட்டுல என்ன ட்ராகனு, உப்பளந்தான். அப்பிடித் தோணுனதுமே அவனுக்கு ஒறக்கம் போச்சு. பழைய பொட்டியோட பக்கத் தகட்ட வெட்டி எடுத்தான். போர்டு எழுதுற கடையில மிஞ்சிப்போன அக்ரிலிக் துண்டுகள அள்ளிட்டு வந்து அரத்தால ராவி ராவி அடியில வரிசையாப் பாத்தி கட்டுனான். பாத்திக்கு நடுவுல வரப்பு, வரப்பு மேல தீக்குச்சியில ஒரு ஆளு, கையில பல்குத்துற குச்சி அளவுக்கு, உப்ப இழுத்து வாருற வார்பலகை. தண்ணித் தொட்டிதான் அளத்துல தண்ணி தேக்குற தெப்பம், பம்புக்கு மேல டீசல் மோட்டார் ரூமாட்டம் ஒரு தகரக் கொட்டகை. தண்ணிக்குச் செவப்பு, ஏன்னா உப்பு வெளையறதுக்கு முந்தி பாத்தித் தண்ணி அப்பிடி ரோஸாத்தான் திரும்பும். அந்தக் கலரப் புடிக்க சாயத்தக் கலக்கிக் கலக்கிக் கையி செவந்து, யாருக்குடே கல்யாணம்னு ஞானப்பழம் கேட்டான். எல்லாத்துக்கும் சிகரமா, கிராஃபிக்ஸ் கார்டு படுத்திருக்க எடத்துக்கு மேல ஒரு கண்ணாடிப் பலக வச்சு அதுல உப்பு அம்பாரம். கார்டுதான் படத்தச் செய்யிறது, அதுதான் வெளைச்சலு, வெளைச்சல அதுக்கு மேலதான குமிச்சு வைக்கணும். தெர்மாகோல்ல செஞ்சு பாத்தான், இட்லி மாதிரி இருந்துச்சு. உடைச்ச கண்ணாடித்தூள் போட்டான், ஆக்சிடெண்டு நடந்த எடமாட்டம் இருந்துச்சு. நெச உப்புத்தான் வேணும், அதுவும் கடை உப்பு ஒதவாது, அளத்துல முத்தி வெளைஞ்ச பெரிய பரலு. அத அப்பாகிட்டக் கேக்கணும். அப்பாகிட்டக் கேக்க முடியாது, ஏன்னா அப்பா அவன்கிட்டப் பேசுறதில்ல.

பேசுறதில்லன்னா சண்ட போட்டுப் பேசாம இருக்கதில்ல. அப்பிடி இருந்தாக்கூட சமாளிச்சிரலாம், ஒரு ஜோக்கு, ரெண்டு ஜோக்கு, மூணாவதுல சிரிச்சிருவாவ. இது வேற. மூணாம் வருசம் காலேஜ் பஸ்ஸுல போயிக்கிட்டிருந்தவன் காலேஜ் ஸ்டாப்பு வந்தும் எறங்கல. அவ்வளவுதான் நடந்தது. காரணம் கேட்டவங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு காரணம் சொன்னான், எல்லாரும் சிரிச்சாவ, ஆனா நெசத்துல காரணம்னு ஒண்ணு இல்ல, கால் எந்திரிக்கல, பஸ்ஸு கெளம்பிருச்சு, கடைசி ஸ்டாப்பு வரைக்கும் போயி ஒரு டீ குடிச்சிட்டு வந்தான். மறுநாளும் எறங்கல. அதுக்கப்புறம் செல்போன் ரிப்பேர் கடை, அது பாதி. ஏசி மெக்கானிக் கோர்ஸ், அது பாதி. அரைகுறப் பேச்சின்னு தெருவுல பேரு வந்துச்சு, அந்தப் பேர வச்சு அவனே நாலு ஜோக்கு சொன்னான். அப்பா மட்டும் சிரிக்கவும் இல்ல, திட்டவும் இல்ல, அவன்கிட்டச் சொல்ல வேண்டியத அக்காகிட்டச் சொல்ல ஆரம்பிச்சாரு. மூணு பேரும் ஒரே பாயில ஒக்காந்திருப்பாவ, நடுவுல கொழம்புச்சட்டி இருக்கும், அவனுக்கு இன்னுங் கொஞ்சம் ஊத்தச் சொல்லுன்னு அக்காகிட்டச் சொல்லுவாரு. அக்கா திரும்பி, இன்னுங் கொஞ்சம் ஊத்திக்கிடுவியாம்லேம்பா. போதும்னு சொல்லுன்னு இவன் சொல்லுவான். ஐ.நா. சபையில இப்பிடித்தாங்க்கா காதுல மாட்டிக்கிட்டு ஒக்காந்திருப்பாவன்னு ஒருநா சொன்னான், அக்காவுக்குப் பொரையேறிருச்சு, அப்பா கையக் கழுவிட்டு எந்திரிச்சுட்டாரு. அம்மா இருந்தா இப்பிடி விட்டிருக்க மாட்டா. அம்மா போட்டோவுல இருந்து பாத்துக்கிட்டிருக்கா, அதுக்கும் ஒரு ஜோக்கு இருக்கு, அத மட்டும் அவன் சொன்னதில்ல. அதனால உப்பு வேணுங்கிற சேதியும் அக்கா வழியாத்தான் அப்பாகிட்டப் போச்சு. அளம் மூடுன அன்னைக்கு அப்பா தூக்குச்சட்டியக் கொண்டாந்து பேச்சி ஒக்காந்திருந்த எடத்துக்குப் பக்கத்துல வச்சிட்டு ஒண்ணுஞ் சொல்லாம சட்டையக் கழட்டப் போயிட்டாரு. தெறந்தா உள்ள உப்பு. அள்ளிப் போட்ட உப்பில்ல, ஒவ்வொண்ணாப் பொறுக்கின உப்பு, கல்கண்டு கணக்கா, மூல மழுங்காம, ஒரு பொட்டு அழுக்கில்லாம. எவ்வளவு நேரம் குனிஞ்சு பொறுக்கியிருப்பாரு அந்த இடுப்ப வச்சுக்கிட்டு. பேச்சி ராத்திரி பூரா கொறட்டுல எடுத்து எடுத்துப் பசையில ஒட்டுனான், ஒண்ணுகூட மிச்சம் வைக்கல. அப்பா வந்து பாக்கல. ஆனா தண்ணி குடிக்க எந்திரிச்சவரு வழக்கத்த விடக் கொஞ்சம் நேரம் நின்னு குடிச்சாரு.

"ஆச்சாலே?" அடுக்களையில இருந்து அக்கா. ஆவுதுக்கா, தண்ணி ரெண்டாம் பாத்தியத் தாண்டி வந்துக்கிட்டிருக்கு, வழியில டீ குடிக்க நிக்குதுன்னான். அவ சிரிக்கல. சிரிக்காதது பேச்சிக்கு காதுல விழுந்துச்சு, சிரிப்பு விழுறத விடச் சத்தமா. போன்ல யாருகூடயோ பேசுறா, ஆமா சார், சாயங்காலம் ஆரம்பிச்சிருவேன் சார், இல்ல சார், இந்தத் தடவ அணையாது சார், தம்பி பாத்துக்கிட்டிருக்கான் சார். தம்பி பாத்துக்கிட்டிருக்கான். ஜன்னல் பக்கம் இருந்து காத்து ஒண்ணு வந்துச்சு, காலையில இருந்தே காத்து திரும்பிருச்சு, கடலப் பாத்த பக்கமிருந்து குளுகுளுன்னு கொண்டல், இந்தக் கொதிக்குற ரூமுக்குள்ள இப்பிடி ஒரு காத்தான்னு அவன்தான் ஜன்னலு ரெண்டையும் பப்பரப்பான்னு தெறந்து வச்சிருந்தான். வெளிய அப்பா முத்தத்துல நின்னு மானத்தப் பாத்துக்கிட்டிருந்தாரு. டிஷ்யூ. மொத மூட்டு காஞ்சிருக்கு, தொட்டி மூட்டு காஞ்சிருக்கு, ரேடியேட்டர் மூட்டு ரெண்டும் காஞ்சிருக்கு, கார்டு மூட்டு. கார்டு மூட்டுக்கு வந்ததும் கையி நின்னுச்சு. அந்த மூட்டுக்கு வளையம் போட்டமா? இந்தக் கேள்வி காலையில இருந்து வந்துட்டு வந்துட்டுப் போகுது. ரப்பர் வளையத்த எடுத்தது ஞாபகம் இருக்கு. அத மோதர வெரல்ல போட்டுக்கிட்டு அக்காகிட்டப் போயி, பொண்ணு வீட்டுல மோதரம் போட்டுட்டாவக்கா, இனிமே நான் வேல வெட்டிக்குப் போவ வேண்டாம்னு சொன்னது ஞாபகம் இருக்கு. அவ கரண்டியாலயே முதுகுல ஒண்ணு போட்டது ஞாபகம் இருக்கு. வெரல்ல இருந்து கழட்டுனது? கழட்டி மூட்டுல போட்டது? அங்க ஒரு ஓட்ட. போட்டிருப்பான், போடாமத் திருகுனா கைக்குத் தெரிஞ்சிருக்கும். கைக்குத் தெரிஞ்சா மூளைக்கு வரணும்லா, மூள அப்ப கரண்டி அடிக்கு பதில் ஜோக்கு யோசிச்சிக்கிட்டு இருந்துச்சு. கார்டு மூட்டு. கண்ண மூடிக்கிட்டுத் தொட்டான்.

ஈரம்.

 வெரல டிஷ்யூவுலயே வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தான், எடுத்தா நெசமாயிரும்போல. பெறவு எல்லாம் ஒண்ணா வந்துச்சு. அக்கா பேசுன போனு, தன்மையான மேனேஜரு, ஒலை, தை மாசம், ஒயரக் கழட்டிக் குடுத்த கையி. பம்ப அணைச்சான். கொழாயக் கழட்டி வாளியில தண்ணிய எறக்குனான், செவப்புத் தண்ணி வாளியில விழுறதப் பாக்க ஆடு அறுத்த எடம்போல இருந்துச்சு, சீக்கிரம் எறங்கு, சீக்கிரம் எறங்குன்னு தண்ணிகிட்டக் கெஞ்சுனான், தண்ணி அதும்பாட்டுக்கு எறங்குச்சு. ஜன்னல் வெளிச்சம் மஞ்சளாயிட்டு வந்துச்சு. இப்பப் பிரிச்சு, வளையத்தப் போட்டு, மாட்டி, தண்ணி ஊத்தி, காத்துக் கொமிழி போக ஓட்டி, மறுபடி கசிவு பாத்து, எங்க நேரம். கசிவு பாக்காம கரண்டு குடுத்தா? குடுத்தா கார்டு போவும், கார்டு போனா போர்டு, போர்டுல சொருகுன டிஸ்க்குலதான் அவ செஞ்ச வீடு இருக்கு, சோபா, திரைச்சீல, யாரோ குடிவரப்போற வீடு. பஸ்ஸுல ஒக்காந்திருந்தப்ப வந்த அதே கனம் கால்ல வந்துச்சு, எந்திரிக்க முடியாத கனம், ஸ்டாப்பு வந்துருச்சு, எல்லாரும் எறங்குதாவ, கண்டக்டரு திரும்பிப் பாக்காரு. எந்திரில. ஒக்காந்துட்டுத்தான இருக்கோம், எந்திரிக்க என்ன இருக்கு, கையத்தான ஆட்டணும்.  ரெண்டு கையாலயும் புடிச்சு அந்த மூட்டத் திருகுனான், திருகு கழண்டு வந்துச்சு, உள்ள பாத்தான். வளையம் இருந்துச்சு. கருகருன்னு, அதோட காடியில அழகா ஒக்காந்து, சமத்தா இருந்துச்சு. போட்டிருக்கான். ஜோக்கடிச்சிட்டு வந்து ஒழுங்காப் போட்டிருக்கான். அந்த ஒரு நொடிக்கு பேச்சிக்கு அழுக வந்துச்சு, யாராச்சும் ஒருத்தரக் கூப்புட்டு இந்த வளையத்தக் காட்டணும்போல இருந்துச்சு, பாருங்க, போட்டிருக்கேன். அப்ப எங்க இருந்து வருது தண்ணி?

கையில டிஷ்யூ. கசங்கி, ஊறி, ஒட்டிக்கிட்டு. வெள்ளையா. வெள்ளையா இருக்கு. அவன் டிஷ்யூவ ஜன்னல் பக்கம் தூக்கிப் பாத்தான். செவப்பு எங்க? கொழாயில ஓடுறது செவப்பு, வாளியில கெடக்கது செவப்பு, அவன் நகத்துல ஏறி ஒரு வாரமா எறங்காம இருக்கது செவப்பு, கசிஞ்சா செவப்பாத்தான கசியணும். இது வேற தண்ணி. வேற தண்ணின்னா எது, வேர்வையா, வேர்வ இவ்வளவா, மானத்துல இருந்தா, கூரையில ஓட்டையா. அண்ணாந்து பாத்தான், கூர காஞ்சிதான் கெடந்துச்சு. குனிஞ்சான். கண்ணாடிப் பலகையோட ஓரத்துல, அம்பாரத்துக்குச் சரியா கீழ, ஒரு சொட்டு தொங்கிக்கிட்டு இருந்துச்சு. விழல. விழவா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டு, உள்ள ஜன்னல் வெளிச்சத்தத் தலகீழா வச்சுக்கிட்டு தொங்குச்சு. அதத் தொட்டு நாக்குல வச்சான்.

உப்பு.

அடுக்களையில உப்பு ஜாடி இருக்கு. மேல செரட்டைய மூடி வச்சிருக்கும். கொண்டல் திரும்பிட்டா ஜாடி அழும், அடியில தண்ணி கட்டும், அம்மா இருக்கும்போது வெள்ளத் துணியச் சுத்தி வைப்பா, அந்தத் துணியும் நனையும், பள்ளிக்கூடம் போற வயசுல நனைஞ்ச துணியப் புழிஞ்சு வெளையாடியிருக்கான். அளத்துல மழக்காத்து அடிச்சா அம்பாரத்த மூடுறதுக்கு அப்பா எத்தன தடவ பாதிச் சோத்துல எந்திரிச்சு ஓடியிருக்காரு. தெருவுல பொறந்த பூனைக்குத் தெரியும் உப்பு கசியும்னு. இது ஒரு சங்கதின்னு யாரும் யாருக்கும் சொன்னதில்ல, மூச்சு விடணும்னு யாரு யாருக்குச் சொல்லுதாவ. காலையில இருந்து மூட்டு மூட்டா, வளையம் வளையமா, எங்க தண்ணி வரும் எங்க தண்ணி வரும்னு காவல் காத்தவன், தண்ணிய அள்ளிட்டு வந்து தன் கையாலயே கார்டுக்கு மேல குமிச்சு வச்சிருக்கான். அதுவும் வெறுந் தண்ணியாயிருந்தாத் தேவல, கொழாயில ஓடுறது சுத்தம் பண்ணுன தண்ணி, அது பட்டாக்கூட தொடச்சு எடுத்து மன்னிப்புக் கேட்டுக்கிடலாம். உப்புத்தண்ணி மன்னிக்காது. அளத்து மோட்டார்களப் பாத்திருக்கான், புது மோட்டாரு ரெண்டு வருசத்துல பிஸ்கட்டாப் பொரிஞ்சு கையோட வரும். ஜன்னல யாரு தெறந்து வச்சா? குளுகுளுன்னு இருக்குன்னு யாரு சொன்னா? கார்டு போர்டுல சொருகியிருக்க எடத்துல டார்ச்ச அடிச்சான். ஈரம் மினுங்குச்சு. ஒரு சொட்டு முந்தியே விழுந்து, ஓரமா ஓடி, சொருகியிருக்க பல்லு வரைக்கும் போயிருந்துச்சு. உள்ள போயிருக்கா? தெரியல. பாத்தாத் தெரியாது. கரண்டு குடுத்தாத்தான் தெரியும், கரண்டு குடுத்தா ஒருவேள அதுதான் கடைசியாத் தெரியுறதா இருக்கும்.

"யக்கா." அவ்வளவுதான் சொன்னான். அதுக்குப் பின்னால ஜோக்கு வரும்னு ஒரு நிமிசம் அவ அடுக்களையிலயே நின்னிருப்பா. வரலன்னதும் ஓடி வந்தா. வாளியப் பாத்தா, பிரிஞ்சு கெடந்த கொழாய்களப் பாத்தா, அவன் நாக்க நீட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கதப் பாத்தா. உப்பு கசியுதுக்கான்னான். எந்த உப்புன்னு கேக்க வாயத் தெறந்தவ, பலகையப் பாத்துட்டுக் கேக்கல. டார்ச்ச வாங்கிப் புடிச்சா. கார்டக் கழட்டுன்னா. ஒரு கரண்டியால அம்பாரத்தச் சொரண்டுனான், பசையோட சேந்து பேந்து பேந்து வந்துச்சு, ராத்திரி பூரா ஒட்டுனது, ஒவ்வொரு பரலுக்கும் எது மேல்பக்கம் எது கீழ்பக்கம்னு பாத்துப் பாத்து ஒட்டுனது. எதுல போடுறது? பக்கத்துல தூக்குச்சட்டி இருந்துச்சு. அதுலயே போட்டான். பரலு தகரத்துல விழுற சத்தம் வெளிய கேட்டிருக்கும். நெழலு ஒண்ணு வாசல மறைச்சுச்சு, பேச்சி நிமுந்து பாக்கல, அப்பாவோட கால மட்டும் பாத்தான், உப்பு அரிச்சு வெடிச்ச பாதம், பெருவெரல் நகமே இல்லாத பாதம். இப்ப அக்காகிட்டச் சொல்லுவாரு. அவன எந்திரிச்சுப் போவச் சொல்லுன்னு சொல்லுவாரு. இல்ல ஒண்ணுமே சொல்லாமத் திரும்புவாரு, அதுதான் அவரு வழக்கம், தான் பொறுக்கிக் குடுத்தத சட்டியில கொட்டுறதப் பாத்துட்டு. பேச்சிக்குச் சொல்லணும்போல இருந்துச்சு, கொட்டலப்பா, அழகாத்தான் இருந்துச்சு, ரொம்ப அழகா இருந்துச்சு. கரண்டி பலகையில கிறீச்சுன்னு இழுத்துச்சு.

"எனக்குந் தோணலயேல," அப்பா சொன்னாரு.

அக்கா டார்ச்சத் தூக்கி அவரு மூஞ்சியில அடிச்சா, தெரியாம அடிச்சா, சட்டுனு எறக்குனா. அவரு அக்காவப் பாக்கல. சட்டிக்குள்ள பாத்துக்கிட்டு இருந்தாரு, ஏதோ அவரு கண்ண நம்பாத மாதிரி. நாப்பது வருசமா மழக்காத்துக்கு உப்ப மூடுனேன், நாந்தான கொண்டாந்து தந்தேன், தோணலயேலன்னு இன்னொரு தடவ சொன்னாரு, இப்பக் கொஞ்சம் சின்னச் சத்தத்துல.  பேச்சி கார்டக் கழட்டித் திருப்பி ஸ்பிரிட்டுல முக்கின பழைய பிரஷ்ஷால பல்லு பல்லாத் தேச்சான், போர்டுல சொருகுற காடிக்குள்ள டிஷ்யூவத் திரியாச் சுருட்டி விட்டு விட்டு எடுத்தான், ஒவ்வொரு திரியையும் நாக்குல வச்சுப் பாத்தான், உப்பு, கொஞ்சம் உப்பு, ஸ்பிரிட்டுக் கசப்பு, உப்பு மாதிரி, இப்ப இல்ல, இருக்கோ, நாக்கே உப்பாயிருச்சோ. அக்கா முடி காய வைக்குற டிரையரக் கொண்டாந்து பொறுமையா ஊதுனா. அப்பா தூக்குச்சட்டிய எடுத்துக்கிட்டு வெளிய போனாரு, ஒடம்புல படாம கைய நீட்டிப் புடிச்சுக்கிட்டு, உள்ள தீ இருக்காப்புல. பேச்சி மாட்டுனான், ஊத்துனான், ஓட்டுனான். டிஷ்யூ சுத்துனான். இந்தத் தடவ ஒக்காந்து பாக்க நேரமில்ல, நின்னுக்கிட்டே பாத்தான், ஜன்னல்ல வெளிச்சம் சாம்பலாயிருச்சு, காஞ்சிருக்கு, காஞ்சிருக்கு, காஞ்சிருக்கு, கார்டு மூட்டு காஞ்சிருக்கு. போதாதுன்னு அவனுக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும்போல. "போடட்டா?" அவ கேட்டா. அவன் தலைய ஆட்டுனானா ஆட்டலயான்னு அவனுக்கே தெரியல, அவ போட்டுட்டா. காத்தாடி அசைஞ்சுச்சு. திரை கருப்பாவே இருந்துச்சு. கருப்பு. கருப்பு. எப்பவும் இவ்வளவு நேரமா எடுக்கும், எடுக்கும், அணஞ்சு எந்திரிக்கும்போது எடுக்கும், இல்ல இவ்வளவு எடுக்காது, பஸ்ஸு கெளம்பிருச்சு, கடைசி ஸ்டாப்புல டீக்கடைக்காரரு என்ன தம்பி இந்தப் பக்கம்னு கேட்டாரு, சும்மான்னு சொன்னான். திரையில ஒரு சின்னக் கோடு மின்னுச்சு. பெறவு வெளிச்சம் வந்துச்சு, அக்கா மூஞ்சியில நீலமா விழுந்துச்சு.

அவ ஒக்காந்து, தான் செஞ்ச வீட்டத் தெறந்தா. சோபா இருந்துச்சு, திரைச்சீல இருந்துச்சு, மாடிப்படியில வெயிலு இருந்துச்சு. ஓடவிட்டா. திரையோட அடியில வேல எவ்வளவு ஆயிருக்குன்னு காட்டுற ஒரு பட்ட, புழு மாதிரி, ஊர்ந்தா ஊருது ஊரலன்னா ஊரலங்கிற கணக்குல நகரத் தொடங்குச்சு. விடியிற வரைக்கும் ஊரணும். எத்தன நாளைக்குத் தாங்கும்னு அவ கேக்கல. பல்லுக்கு எடையில ஒரு துளி மிஞ்சியிருந்தாலும் அது அங்கேயே இருந்துக்கிட்டு, அடுத்த கொண்டலுக்குக் காத்துக்கிட்டு, ஒவ்வொரு ராத்திரியும் கொஞ்சங் கொஞ்சமாத் தின்னும். எந்திரிச்சுப் போயி ஜன்னலு ரெண்டையும் சாத்துனான். ரூமுல சூடு அப்பிடியே எறங்குச்சு. அம்பாரம் இருந்த பலக வெறுமையா, பசைத் தழும்போட, தீக்குச்சி ஆளு வார்பலகையோட அதப் பாத்துக்கிட்டு நின்னான். மேல டொப்புன்னு ஒரு சத்தம். இன்னொண்ணு. மழ. ஆஸ்பெட்டாஸுல மொத மழ எப்பவும் கல்லெறியிற மாதிரிதான் விழும். பேச்சி கையில காஞ்ச டிஷ்யூவ வச்சுக்கிட்டு அண்ணாந்து கூரையப் பாத்தான், பொட்டிக்கு நேர் மேல எந்த எடம்னு கண்ணால அளந்தான், போன வருசம் ஒழுகுனது இந்த மூலையா அந்த மூலையா, அந்த மூலதான், இல்ல இந்த மூலையும்தான். அப்ப வெளிய சுவத்துல ஏணி சாத்துற சத்தம் கேட்டுச்சு. அதுக்குப் பின்னால கூர மேல என்னமோ கனமா இழுபடுற சத்தம், அவனுக்கு நல்லாத் தெரிஞ்ச சத்தம், வருசா வருசம் மழக்காத்துக்கு அம்பாரத்து மேல இழுக்குற தார்ப்பாயி.

"ஏலே, வெளிய வந்து அந்த முனையப் புடி."

அக்கா திரும்பிப் பாத்தா. அப்பா யாருகிட்டச் சொல்லுதாருன்னு பாத்தா, தன்கிட்டச் சொல்லி அவன்கிட்டச் சொல்லச் சொல்லலயேன்னு பாத்தா. நான் பாத்துக்கிடுதேன், நீ போலன்னா. பேச்சி வெளிய ஓடுனான். காத்து பாயி முனையத் தூக்கித் தூக்கி அடிச்சுச்சு, மழ மூஞ்சியில அறைஞ்சுச்சு, முனை கையில சிக்கி நழுவி மறுபடி சிக்குச்சு. உதட்டுல வழிஞ்சது உப்புக் கரிச்சுச்சு, பாயில இருந்ததா, அவன் கண்ணுல இருந்ததான்னு நாக்குக்குப் புரியல. ஒரு ஜோக்கு வந்து தொண்டையில நின்னுச்சு. அத அப்பிடியே விட்டுட்டு, ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சான்.